தகரத்துக்குத் தத்துவம் பூசாதேங்கோ

கட்டுடைப்புவாதக் கட்டடக்கலை பற்றி யார் கதைத்தாலும் ஒரு வீட்டின் படம் கட்டாயம் வரும். கலிபோர்னியாவில், சாந்தா மொனிக்காவில், ஒரு மூலைக்காணியில் நிற்கிற வீடு. கட்டடக் கலைஞர் பிராங் கெரி தன் குடும்பத்தோடு இருப்பதற்காகத் திருத்திய வீடு. படத்தைக் கண்டதும் ஆக்கள் இரண்டாகப் பிரிவார்கள். "இதென்ன, வேலை முடியாத கொட்டிலோ?" எண்டு சிரிக்கிறவை ஒரு பக்கம். "தெரிதாவை வாசிக்காமல் இது விளங்காது" எண்டு மிரட்டுறவை மற்றப்பக்கம். எங்களுக்கு இரண்டு பகுதியோடும் கோபம்தான். பெரிய கோபம் இரண்டாவது பகுதியோடு.

முதலில் வீட்டைப் பார்ப்போம். 1920 அளவில் கட்டிய சாதாரண வீடு. 1977இல் வாங்கினார்கள், அடுத்த வருசம் திருத்த வேலை முடிந்தது. கெரி பழைய வீட்டை இடிக்கவில்லை. அதைச் சுற்றி நெளிதகரத்தால் இன்னொரு உறை போட்டார். மேலே கம்பிவலையைச் சரித்துக் கட்டினார். பழைய சுவருக்கும் புதுத் தகரத்துக்கும் நடுவில் குசினி. அதன் நிலம் தார். குசினிக்குள் நின்றால் பழைய வீட்டின் வெளிச்சுவரும் யன்னலும் உங்கள் பக்கத்தில் நிற்கும். மேலே ஒரு கண்ணாடிப் பெட்டி விழப்போவதுபோலச் சரிந்திருக்கும். உள்ளே சில சுவர்களில் சாந்தை உரித்து, மரச்சட்டங்களை வெளியில் தெரிய விட்டார்.

அயலவருக்குக் கோபம் வந்தது. ஏன்? கம்பிவலை அந்த ஊரில் இல்லாத சாமானா? டெனிஸ் மைதானத்தைச் சுற்றி, வேலைத்தளங்களைச் சுற்றி, பின்வளவுகளில் எல்லாம் அது இருந்ததுதான். பின்னுக்கு இருக்கும்வரை ஒருத்தருக்கும் அது கண்ணில் படவில்லை. முகப்புக்கு வந்த பிறகுதான் மரியாதை போய்விட்டது. பொருட்களுக்கும் வர்க்கம் உண்டு எண்டதை அந்த வீடு தெருவில் வைத்துச் சொன்னது. அந்தக் கோபத்தில் ஒரு உண்மையான கேள்வி இருந்தது.

பத்து வருசம் கழிய, 1988இல், நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் பிலிப் ஜோன்சனும் மார்க் விக்லியும் ஒரு கண்காட்சி வைத்தார்கள். ஏழு பகுதியினரின் வேலைகள். அதில் இந்த வீடும் ஒன்று. 'கட்டுடைப்புவாதம்' எண்ட பெயர் வீட்டில் ஒட்டியது அப்போதுதான். கெரி அந்தப் பட்டத்தை ஏற்கவில்லை. இன்னும் சொல்லப்போனால், இந்தக் கட்டடங்கள் தெரிதாவின் தத்துவத்தில் இருந்து வந்தவை அல்ல எண்டு விக்லியே எழுதினார். ரஷ்யப் புரட்சிக்காலக் கலைஞர்களோடுதான் முடிச்சுப் போட்டார். பிறகும் ஏன் எங்களைத் தெரிதா பெயரால் வெருட்டுறியள்?

பெயர் வந்ததும் கதை மாறியது. கோணம், சரிவு, சிதைவு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம். ஏன் தகரம், யாருடைய தகரம் எண்ட கேள்வி மட்டும் ஓரமாய்ப் போய்விட்டது. எங்களுக்கு அது ஓரக் கேள்வி இல்லை. தகரக் கூரைக்குக் கீழே மத்தியான வெக்கையில் வளர்ந்த ஆக்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுத் தகரத்தை ஒருத்தரும் கலை எண்டு சொல்லவில்லை. கெரி சாந்தை உரித்தார். நினைத்தால் திரும்பப் பூசவும் அவரால் முடியும். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் அந்த வீட்டைப் பற்றி எழுதுவது அரைக்கதை.

அதற்காகக் கெரியைக் குற்றவாளி ஆக்க வரவில்லை. 1990களின் தொடக்கத்தில், பிள்ளைகள் வளர, அவர் வீட்டைத் திரும்பத் திருத்தினார். முரட்டுத்தனம் போச்சே எண்டு சில விமர்சகர்கள் கவலைப்பட்டார்கள். எங்கட கோட்பாட்டுக்காக ஒரு குடும்பம் வாழ்நாள் முழுக்க உரிந்த சுவருக்குள் இருக்கவேணுமோ? அது வீடு ஐயா, அருங்காட்சியகம் இல்லை.

1997இல் பில்பாவோ குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்கு அதே கெரி தைற்றேனியம் போர்த்தினார். உலகம் கைதட்டியது. தகரத்துக்கு முகம் சுளிச்சவைக்கும் தைற்றேனியம் அழகாய்த்தான் தெரிந்திருக்கும்.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை யாரும் இந்த வீட்டின் படத்தைப் போட்டுக்காட்டினால், கோணத்தைப் பற்றிக் கேட்க முதல் தகரத்தைப் பற்றிக் கேளுங்கோ.