லாரி கேபினில் காற்று: செலவு யாருடையது?

மில்லுக்குப் பஞ்சு பேல் எதில் வருகிறது? களத்து நெல் மூட்டை எதில் போகிறது? லாரியில். அந்த லாரியை ஓட்டி வருகிறவன் இரவில் எங்கே படுக்கிறான்? அதே லாரியில்தான். மில் வாசலில் வரிசையாக நிற்கும் வண்டிகளை நம் ஆலைத் தொழிலாளர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் கூலி போதாமல் ஸ்டீயரிங் பிடிக்கப் போயிருக்கிறார்கள். ஆகவே லாரித் தொழிலாளியின் பிரச்னை நமக்கு அந்நியமானதல்ல.

பகல் முழுவதும் வெயிலில் காய்ந்த தகரக் கூடு லாரி கேபின். கீழே என்ஜின் சூடு. கதவைத் திறந்து வைத்தால் கொசுவும் திருடனும். மூடினால் மூச்சு முட்டும். மறுநாள் விடிந்ததும் பல டன் சரக்குடன் நெடுஞ்சாலையில் இறங்க வேண்டும். தூங்காத கண்ணுடன் இறங்கினால் அவன் உயிருக்கு மட்டுமா ஆபத்து? எதிரே வருகிறவன் உயிருக்கும்தான்.

இதற்கு டிரைவர்களே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். கைக்காசைப் போட்டு வண்டியில் இன்வெர்ட்டர் மாட்டுகிறார்கள். பேட்டரியில் உள்ள 12 அல்லது 24 வோல்ட் மின்சாரத்தை, வீட்டில் வருவது போன்ற 230 வோல்ட் மின்சாரமாக மாற்றித் தரும் பெட்டி அது. ஒரு சிறு விசிறி சுற்றுகிறது. செல்போன் சார்ஜ் ஆகிறது. கொஞ்சம் கண் அயர முடிகிறது.

இதை ஆடம்பரம் என்று கேலி பேசும் முதலாளிகள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்கிறோம்: பஞ்சாலையில் காற்றுக்குத் தொழிலாளியா விசிறி வாங்கி மாட்டுகிறான்? ஆலையில் காற்றோட்டம் செய்து தருவது முதலாளியின் கடமை என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. லாரி ஓட்டுகிறவனுக்கு கேபின்தான் ஆலை, அதுவே வீடு. அங்கே மட்டும் காற்றுக்கு அவன் ஏன் பேட்டாவிலிருந்து பணம் கொடுக்க வேண்டும்? அறுப்புக்குப் போகும் கூலியாள் சொந்த அரிவாளோடு வர வேண்டும் என்கிற அதே அநியாயம்தான் இது.

செலவோடு போகவில்லை விஷயம். இன்வெர்ட்டரைத் தப்பாக மாட்டினால் வண்டியே எரியும். கணக்கைப் பாருங்கள். 500 வாட் சாமான்களை ஓட்டினால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 24 வோல்ட் லாரியில் அதில் பாதி. வீட்டு விளக்குக்குப் போடும் மெல்லிய வயரை இதற்குப் போட்டால் உறை உருகிவிடும். பெட்டியின் அளவுக்கு ஏற்ற தடித்த கேபிள் வேண்டும். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் வேண்டும். ஏனென்றால் பேட்டரிக்கும் பியூஸுக்கும் இடையில் உள்ள வயருக்குக் காவல் கிடையாது. கேபிள் தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் வேண்டும். இல்லாவிட்டால் வண்டி குலுங்கக் குலுங்க உறை தேய்ந்து ஷார்ட் ஆகும். பின்னால் இருப்பதோ பஞ்சு பேல்!

24 வோல்ட் லாரியில் இரண்டு பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று 12 வோல்ட் இன்வெர்ட்டரை வாங்கி, ஒரு பேட்டரியில் மட்டும் கொக்கி போடுகிறார்கள். அந்தப் பேட்டரி ஓய்ந்து போகும்; மற்றதில் சார்ஜ் மிதமிஞ்சும்; கடைசியில் இரண்டும் கெடும். காலையில் வண்டி கிளம்பாது. அப்போது முதலாளி என்ன சொல்வார்? "நீ மாட்டியதால்தானே, உன் கணக்கில் பிடிக்கிறேன்" என்பார். தீப்பிடித்தாலோ, அனுமதி இல்லாத மாற்றம் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கவும் இடம் உண்டு. பழி முழுவதும் தொழிலாளி தலையில்தான்.

சர்க்கார் என்ன செய்தது? 1961-ல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. தொழிலாளி இரவில் தங்க நேரும் இடங்களில் முதலாளி ஓய்வு அறையோ வேறு தகுந்த தங்குமிடமோ தர வேண்டும் என்று அது சொன்னது. நம் சாலைகளில் அந்த அறைகளை எத்தனை டிரைவர்கள் கண்டார்கள்? சட்டம் ஏட்டில் இருந்தது. தொழிலாளி கேபினில் கிடந்தான். இப்போது அந்த ஏடும் போய்விட்டது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதை ரத்து செய்துவிட்டன. ஐந்து தொழிலாளர் இருந்தாலே பழைய சட்டம் பொருந்தியது. இப்போது பத்துப் பேர் வேண்டும். இரண்டு மூன்று லாரி வைத்து ஓட்டுகிறவரிடம் வேலை செய்கிறவன் கதி என்ன?

மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட புதிய லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம் என்று டில்லி சர்க்கார் 2023 டிசம்பரில் உத்தரவு போட்டது. 2025-ல் அது அமலாயிற்று. வரவேற்கிறோம். ஆனால் ஏற்கெனவே ஓடும் லாரிகளுக்கு அதில் ஒன்றுமில்லை. குட்டி யானை போன்ற சிறு வண்டிகளுக்கும் இல்லை. புது லாரியிலும் வழக்கமான ஏ.சி. என்ஜின் ஓடும்போதுதான் குளிரும். இரவில் என்ஜினை நிறுத்திப் படுக்கிறவனுக்கு மறுபடியும் அதே புழுக்கம்தான்.

ஆகவே நாம் கேட்பது இவை: ஓடுகிற ஒவ்வொரு சரக்கு வண்டியிலும் முதலாளி செலவில், தேர்ந்த எலெக்ட்ரீஷியனைக் கொண்டு, பியூஸோடும் பேட்டரி இறங்கினால் தானே நின்றுவிடும் அமைப்போடும் இன்வெர்ட்டர் மாட்ட வேண்டும். விசிறி மட்டும் போதும் என்றால் பேட்டரியிலேயே நேராக ஓடும் விசிறி போதுமானது. அது மின்சாரத்தையும் மிச்சப்படுத்தும். பேட்டரி கெட்டதென்று பேட்டாவில் பிடிக்கக் கூடாது. சரக்கு இறங்கக் காத்திருக்கும் டிரைவருக்கும் கிளீனருக்கும் மில்களும் கிடங்குகளும் படுக்க இடமும், குளிக்கத் தண்ணீரும், கழிப்பிடமும் தர வேண்டும்.

சொந்த லாரியைத் தானே ஓட்டிக் கடன் கட்டும் சிறு உடைமையாளர் நம் எதிரி அல்ல. அவருக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகும்படி வாடகையை உயர்த்தித் தர வேண்டியவர்கள் சரக்கு அனுப்பும் பெரிய கம்பெனிகள்தாம்.

மில் தொழிலாளர்களே! உங்கள் யூனியன் அடுத்த கோரிக்கைப் பட்டியல் எழுதும்போது, கேட்டுக்கு வெளியே லாரியில் கிடக்கும் தொழிலாளிக்கு ஓர் ஓய்வு அறையும் அதில் இடம் பெறட்டும். விவசாயத் தொழிலாளர்களே! லாரி ஓட்டப் போன உங்கள் பிள்ளைகளைச் சங்கத்தில் சேரச் சொல்லுங்கள். தனித்தனியாக இன்வெர்ட்டர் மாட்டினால் ஒரு கேபினுக்குக் காற்று வரும். ஒன்றுபட்டு நின்றால் எல்லாக் கேபினுக்கும் வரும்.