கேட்டதுக்கு மட்டும் பதிலா?

அடி அண்ணாமலையில் எங்க தெருத் தங்கச்சி ஒருத்தி தரவு அறிவியல் வேலைக்கு நேர்முகத் தேர்வு போய் வந்தாள். ‘விடுபட்ட விவரங்களை என்ன செய்வே?’ன்னு கேட்டிருக்காங்க. ‘சராசரி போட்டு நிரப்புவேன்’ என்றாளாம்.

பாடப்புத்தகப் பதில்தான். ஆனால் தோழர்களே, யாருடைய விவரம், ஏன் விடுபட்டது என்று இவள் திருப்பிக் கேட்டிருக்க வேண்டாமா? சேரியின் வருமானம் பதிவாகாத பட்டியலில் ஊர்த்தெருவின் சராசரியைப் போட்டு நிரப்பினால், காகிதத்தில் சேரிக்காரன் வசதிக்காரன் ஆகிவிடுவான். வரவேண்டிய உதவியும் போச்சு.

1918இல் சிறு நிலவுடைமை பற்றிப் பேசியவர்கள் நிலத்தின் பரப்பையே அளந்துகொண்டிருந்தார்கள். அந்த நிலத்தில் போட மூலதனமும் கருவியும் எவ்வளவு இருக்கிறது என்று கேள்வியையே மாற்றிப் போட்டார் அம்பேத்கர். முன்கை எடுப்பதுன்னா அதுதான்.

‘திருப்பிக் கேட்டா திமிருன்னுவாங்க அண்ணே’ என்றாள். பொய்யில்லை. சமமான தகுதி, வேறு வேறு சாதிப் பெயர் என்று தனியார் வேலைகளுக்கு விண்ணப்பம் அனுப்பிப் பார்த்த தோரட், அட்டவெல் ஆய்வு 2007இல் வந்தது. தலித் பெயருக்கு அழைப்பு குறைவு. அந்த வாசலையும் தாண்டி உள்ளே உட்கார்ந்தவள் எதற்கு வாயைக் கட்டிக்கொள்ளணும்?

‘இந்தத் தரவை எப்படிச் சேகரிச்சீங்க சார்?’ என்று தொடங்கச் சொன்னேன். தினமும் சாயங்காலம் பழகுகிறாள். அந்த சார் நான்தான்.