எளிய வாயிலும் காவலற்ற களஞ்சியமும்

இணையத்திலே கூடிப் பேசுதற்கென மன்றங்கள் பல தோன்றின, பல மறைந்தன. அவற்றுள் எது நிலைபெறும், எது கைவிடப்படும் என்பதை நிர்ணயிப்பது யாது? அமைப்பின் சிறப்பே என ஒருகாலத்தில் நானும் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் தவறென்பதை அனுபவம் உணர்த்திற்று.

1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர் இருவர் திட்டமிட்டு, அடுத்த ஆண்டிலே இயங்கத் தொடங்கிய யூஸ்நெற் என்னும் அமைப்பை நோக்குவோம். அதற்குத் தனியொரு உரிமையாளர் இல்லை. ஓரிடத்தில் எழுதியது பல கணினிகளிலே படியெடுக்கப்பட்டது. பொருள்வாரியான பிரிவுகள் இருந்தன. எந்த மறுமொழி எந்தக் கூற்றுக்கு உரியது என்பதும் தெளிவாயிருந்தது. ஆயின், தொடக்க காலத்தில் அங்கு நுழைவதற்குப் பல்கலைக்கழகத்தின் அல்லது நிறுவனமொன்றின் கணினி வேண்டும். அதனை இயக்கும் பயிற்சியும் வேண்டும். மின்னஞ்சல் முகவரி ஒன்றிருந்தாற் போதும் என்று 2001இல் யாகூ குழுமங்கள் வந்தபோது, சங்கங்களும் குடும்பங்களும் அங்கே திரண்டன.

இதிலே வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு சமூகம் அதன் கெட்டிக்காரர் பத்துப் பேரால் மட்டும் ஆனதன்று. பின்வரிசையிலே தயங்கி நிற்பவரும் உட்புகுந்தாலன்றிக் கூட்டம் கூடாது. ஆளில்லா மண்டபத்திலே கெட்டிக்காரரும் நெடுநேரம் இரார். தமிழருக்கு இவ்வுண்மை இரட்டிப்பாய்ப் பொருந்தும். எழுத்துருக்கள் பலவாய்ச் சிதறிக் கிடந்த நாட்களிலே, உரிய எழுத்துருவை நிறுவாதவருக்குத் திரையில் பொருளற்ற குறிகளே தோன்றின. ஒருங்குறி பரவி, கையடக்கத் தொலைபேசியிலே தமிழ் விசைப்பலகை கிடைத்தபின்னரே, கணினியைத் தொட்டறியாத மூத்தோர் பலரும் எழுதத் தொடங்கினர்.

எனினும், நுழைவதற்கு எளிமை வேறு. சேர்த்ததைத் தேடி எடுப்பதற்கு எளிமை வேறு. எங்கள் பழைய மாணவர் வட்டம் மின்னஞ்சலை விட்டுத் தொலைபேசிக் குழுவொன்றுக்கு மாற முற்பட்டபோது நான் எதிர்த்தேன், தோற்றேன். பன்னிரண்டு பேர் எழுதிய இடத்திலே அறுபது பேர் எழுதினர். என் தோல்வி நியாயமானதே. ஆனால், மறைந்த ஆசிரியர் ஒருவரைப் பற்றிப் பலர் அங்கு வரைந்த நினைவுகளை மலரொன்றுக்காகத் தேடியபோது, வாழ்த்துகளுக்கும் படங்களுக்கும் அடியிலே அவை புதைந்து கிடந்தன. பாதியைத்தான் மீட்க முடிந்தது.

மற்றுமோர் ஆபத்து உண்டு. எளிய வாயிலின் திறவுகோல் பெரும்பாலும் பிறர் கையிலேயே இருக்கிறது. யாகூ நிறுவனம் குழுமங்களிற் சேர்ந்திருந்தவற்றை அகற்றப்போவதாக 2019 ஒக்டோபரிலே அறிவித்தது. 2020 டிசெம்பர் 15ஆம் திகதி அச்சேவை முற்றாக மூடப்பட்டது. ஆர்வலர் சிலர் முயன்று ஒரு பகுதியைக் காத்தனர், எஞ்சியது போயிற்று. யாழ்ப்பாணப் பொது நூலகத்தை 1981இல் இழந்த நாம், ஒற்றைப் படியை நம்பியிருத்தலின் விளைவை நன்கறிவோம்.

ஆதலின், எளிமையை நாடும் மக்களை நொந்து பயனில்லை. ஒழுங்கை விரும்புவோர் தம் வாயிற்படியைத் தாழ்த்தல் வேண்டும். எளிய வாயிலாற் புகுந்தோரோ, பேணத்தக்கதை அவ்வப்போது பிரித்தெடுத்துத் தம் கையிலும் ஒரு படி வைத்திருத்தல் வேண்டும். எங்கள் வட்டத்திலே, மாதத்துக்கு ஒருமுறை, அப்பணியை இப்போது நான் செய்து வருகிறேன்.