பெரிய சக்கரமும் சிறிய சுகமும்

சண்டிகரின் சாலையோரத்தில் மாலை வேளையில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஜிம்னி வரும், தார் வரும், கூர்க்கா வரும். அவற்றுட் பல, தொழிற்சாலை தந்த டயர்களோடு வருவதில்லை. மட்கார்டை முட்டும் பருமனும், பாளம் பாளமாக வெட்டிய முகமும் கொண்ட டயர்கள்! சேற்றிலும் மணலிலும் உழல வேண்டிய அவை, பலகை போன்ற தார்ச்சாலையில் உறுமிக்கொண்டு உருள்கின்றன. வாங்கியவர் பணம், வாங்கியவர் விருப்பம், இதில் நமக்கென்ன என்றுதான் நானும் இருந்தேன். சென்ற பொங்கலை ஒட்டிய ஞாயிறு அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

நம் சங்கத்தின் மூத்த அண்ணன் ஒருவர், படிப்பை முடித்து இங்கேயே வேலையில் இருப்பவர், கடன்பட்டு ஒரு ஜிம்னி வாங்கியிருக்கிறார். அக்டோபரில் அதே வண்டியில் கசௌலிக்குப் போய் வந்தோம். குறை ஒன்றும் தெரியவில்லை. ஜனவரியில் மறுபடியும் புறப்பட்டோம். இம்முறை டயர் புதிது. "பார்த்தாயா தம்பி, புலி மாதிரி நிற்கிறது!" என்றார் அண்ணன். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அவருடைய அம்மா பின்னிருக்கையில் அமர்ந்தார். இடுப்பு வலி உள்ளவர். முன்னிருக்கையில் இருந்த நான், பெரிய சக்கரம் பள்ளத்தை எளிதில் தாண்டும் என்று இயற்பியல் பேசிக்கொண்டு வந்தேன். பர்வானு வருமுன்பே பின்னாலிருந்து குரல் வந்தது: "யய்யா, உரலுக்குள்ள உக்காந்து உலக்கை இடி வாங்குத மாதிரி இருக்கே!"

தேநீர்க் கடையில் நிறுத்தி இடம் மாற்றிக்கொண்டோம். அம்மா முன்னே, நான் பின்னே. அடுத்த கால்மணி நேரத்தில் என் இயற்பியல் திருந்தியது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஜிம்னிக்குத் தொழிற்சாலை தரும் டயர் 195/80, 15. அகலம் 195 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 80 பங்கு, அதாவது 156 மில்லிமீட்டர். நடுவே 15 அங்குல வட்டு. மொத்த விட்டம் 693 மில்லிமீட்டர். அண்ணன் மாட்டியது 235/75, 15. அதன் விட்டம் ஏறத்தாழ 734. விட்டத்தில் கூடியது 41 மில்லிமீட்டர். வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையே கூடியது அதில் பாதி, வெறும் 20 மில்லிமீட்டர்! இரண்டு விரல் அகலம்கூட இல்லாத இந்த உயரத்துக்குக் கொடுத்த விலை என்ன?

முதல் விலை எடை. வண்டியின் உடல் வில்சுருள்களின் மேல் அமர்ந்திருக்கிறது. சக்கரமும் டயரும் பிரேக்கும் அச்சும் அவற்றின் கீழே தொங்குகின்றன. கீழ்ப்பகுதி எவ்வளவு இலேசோ, அவ்வளவு விரைவாகச் சாலையின் மேடுபள்ளத்தோடு ஏறி இறங்கும். மேலே இருப்பவருக்கு அது எட்டாது. ஜிம்னிக்கு முன்னும் பின்னும் ஒரே தண்டாக அமைந்த திண்ணிய அச்சு. கீழ்ப்பகுதி ஏற்கெனவே கனமானது. சக்கரத்துக்கு ஐந்து கிலோ கூடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,200 கிலோ வண்டியில் இருபது கிலோ பெரிதா என்று கேட்கலாம். மேலே ஏறினால் பெரிதன்று. ஒரு சிறுவன் கூட ஏறியதற்குச் சமம். கீழே ஏறினால் அது வேறு கதை. இடி வாங்கிய கனமான சக்கரத்தை அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. அதுவோ பழைய எடைக்கென்று அளந்து செய்யப்பட்டது. புது எடையை அதனால் முன்போல் அடக்க முடிவதில்லை.

காரின் உடல் வினாடிக்கு ஒன்று அல்லது இரண்டு முறை மெல்ல ஊசலாடும். சக்கரமோ வினாடிக்குப் பத்து முதல் பதினைந்து முறை துடிக்கும். மனித உடலை மிகவும் வருத்தும் மேல்கீழ் அதிர்வு வினாடிக்கு நான்கு முதல் எட்டு வரை. சக்கரத்தின் எடை ஏற ஏற அதன் துடிப்பு மெதுவாகி, நம்மை வருத்தும் அந்த எல்லையை நோக்கி இறங்கி வருகிறது. பின்னச்சுக்கு அருகில் உட்கார்ந்தவர் முதுகெலும்புக்கு இதைச் சூத்திரம் எழுதி விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது விலை, டயரின் கட்டு. இங்கே எதிர்க்கட்சியின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பெரிய விட்டம் சிறு குழியில் குறைவாகவே இறங்கும்; உயர்ந்த பக்கச்சுவர் மெத்தைபோல் அமுங்கிக் கொடுக்கும். இரண்டும் உண்மை. மற்றவை யாவும் மாறாதிருந்தால் பெரிய டயர் சுகமாகவே இருக்கும். ஆனால் மற்றவை மாறாமல் இருப்பதில்லையே! கல்லும் முள்ளும் கிழிக்காதிருக்கப் பல மடிப்புத் துணி வைத்துக் கட்டிய, சுமைவண்டிக்கு உரிய டயர் அது. அதன் சுவர் அமுங்க மறுக்கிறது. போதாததற்கு, மாட்டிய கடைக்காரர் டயர்ச் சுவரில் அச்சடித்திருந்த உச்ச அளவுக்கே காற்றை நிரப்பியிருந்தார். அந்த எண் டயர் தாங்கும் எல்லை. நம் வண்டிக்கு வேண்டிய அளவு அன்று. பர்வானுவிலேயே காற்றைக் குறைத்தோம். குத்தல் பாதி அடங்கியது, துடிப்பு அடங்கவில்லை. காற்றைக் குறைக்கலாம், எடையை எப்படிக் குறைப்பது?

மூன்றாவது விலை, ஓட்டுபவரே கவனியாமல் கொடுப்பது. விட்டம் நூற்றுக்கு ஆறு பங்கு அளவுக்குக் கூடியதால், முன்பு 80 கிலோமீட்டர் காட்டிய இடத்தில் வண்டி உண்மையில் முன்னைவிட நாலைந்து கிலோமீட்டர் அதிகமாக ஓடுகிறது. வேகமானி சற்றுக் கூட்டிக் காட்டுமாறே வழக்கமாக அமைக்கப்படுகிறது. அந்தக் காப்பு கரைந்துவிடுகிறது. பிரேக் மாறவில்லை, ஆரம் மட்டும் நீண்டது. ஆகவே அதே மிதிக்கு முன்னளவு பிடிப்பு இல்லை. பெரும் பாளங்களாக வெட்டிய டயர் முகம் ஈரத் தார்ச்சாலையைச் சாதாரண டயர்போல் பற்றுவதும் இல்லை. உறுமல் ஒன்றுதான் மிச்சம். அந்த உறுமலை வீரம் என்று சிலர் கருதுகிறார்கள்!

காற்றடைத்த டயர் எதற்காகப் பிறந்தது? 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டி குலுங்காமல் போவதற்கென்று செய்தது அது. குலுக்கலைத் தீர்க்கப் பிறந்த பொருளைக் கொண்டே குலுக்கலை வாங்குகிறோம். அதற்குக் கடனும் வாங்குகிறோம்! இரண்டாம் உலகப் போரில் பாலைவனத்தையும் சேற்றையும் கடந்த ஜீப்பின் டயர் அகலம் ஆறே அங்குலம். இந்த மலைப்பாதையில் நாள்தோறும் ஆள் ஏற்றிப் பிழைக்கும் ஓட்டுநர்களின் வண்டிகளைப் பாருங்கள். நான் கண்டவை எல்லாம் தொழிற்சாலை அளவு டயரிலேயே ஓடுகின்றன. மலையை அறிந்தவர் யார், அவர்களா நாமா?

காட்டுக்கும் மணலுக்கும் போகும் நண்பர்களை நான் தடுக்கவில்லை. அவர்களுக்கு என் யோசனை இதுதான். அளவை மாற்றாமல், எல்லா நிலத்துக்கும் ஏற்ற முகமுள்ள டயரை வாங்குங்கள். வாங்குமுன் விட்டத்தைக் கேட்பதுபோல் எடையையும் கேளுங்கள். மணலில் இறங்கும்போது காற்றைக் குறையுங்கள். தார்ச்சாலை ஏறுமுன் மறவாமல் நிரப்புங்கள். வண்டியின் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் காற்றளவுச் சீட்டைப் படியுங்கள். அதை எழுதியவர்கள் வண்டியைச் செய்தவர்கள். காலுக்கேற்பச் செருப்பு வாங்குவதே அறிவுடைமை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. டயரைத் தேர்ந்தவர் ஸ்டீயரிங்கைப் பிடித்து முன்னே அமர்கிறார்; அடி வாங்குபவர் பின்னே அமர்கிறார். அவரை யாரும் கேட்பதில்லை. வாங்கும் முன் ஒருநாள் உங்கள் வண்டியின் பின்னிருக்கையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.

அன்று திரும்பும்போது அம்மா வண்டியில் ஏற மறுத்துவிட்டார். தரம்பூர் நிலையத்தில் நானும் அவரும் ரெயில் ஏறினோம். 1903இல் திறந்த சிம்லா மலைப்பாதை, இரண்டரை அடி அகலத் தண்டவாளம், சின்னஞ்சிறு சக்கரங்கள். கால்கா வரும்வரை அம்மா நிம்மதியாக உறங்கினார். அண்ணன் எங்களுக்கு முன்பே வந்து, புலி போன்ற தம் வண்டியருகே தனியாக நின்றிருந்தார். பழைய டயர்களை எந்தக் கடையில் கொடுத்தார் என்று அப்போதுதான் நினைவுபடுத்திக்கொண்டிருந்தார்.