ஏரியில் கொட்டாதே, எருவாக்கிக் கொடு!



கார்த்திகை தீபத்துக்கும் பௌர்ணமி கிரிவலத்துக்கும் லட்சக்கணக்கான ஜனம் திருவண்ணாமலைக்கு வருகிறது. வரட்டும், நமக்குச் சந்தோஷம்தான். ஆனால் அத்தனை பேரும் விட்டுப்போகிற கழிவு எங்கே போகுது? 2024-இல் நகராட்சி மாநகராட்சி ஆனது. ஊர் பெருத்தால் செப்டிக் டேங்கும் பெருக்கும். அதை உறிஞ்சுகிற லாரி ராத்திரி வேளையில் ஓடைக்கரையிலும் ஏரிக்கு வரத்து வருகிற கால்வாயிலும் கொட்டிவிட்டுப் போவதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். அந்தத் தண்ணிதான் நம் மாட்டுக்கும் நெல்லுக்கும்.

நம்மிடமும் தப்பு இருக்கு, மறைக்க வேண்டாம். "ஓசி எருதானே" என்று லாரியை நிலத்திலேயே விடச் சொல்கிறவர்கள் நம்மிலேயே உண்டு. பச்சை மலத்தில் குடற்புழு முட்டையும் காலரா, டைபாய்டு கிருமியும் இருக்கும். அந்தச் சேற்றில் வெறுங்காலோடு இறங்கிக் களை எடுப்பது யார்? நம் வீட்டுப் பெண்களும் கூலிக்கு வரும் பெண்களும்தான். கொக்கிப்புழு பாதம் வழியாகவே உடம்புக்குள் ஏறும்.

அப்படியானால் அது எருவே இல்லையா? எருதான், பக்குவப்படுத்தினால்! ஆட்டுக் கிடை மடக்கும்போது புழுக்கையும் மூத்திரமும்தானே நிலத்துக்குப் போகுது? கணக்குப் பாருங்கள். ஒரு ஆள் வருஷத்துக்குச் சுமார் 500 லிட்டர் மூத்திரம் போகிறான். அதில் 3 முதல் 4 கிலோ தழைச்சத்து இருக்கு. அஞ்சு பேர் குடும்பத்துக்கு 15 முதல் 20 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது சுமார் 20 கிலோ தழைச்சத்து. கிட்டத்தட்ட ஒரு மூட்டை யூரியா நம் வீட்டிலேயே வீணாகுது!

இது கதையல்ல. திருச்சி மாவட்டம் முசிறியில் மலம், மூத்திரம், கழுவுநீர் மூன்றையும் தனித்தனியே பிரிக்கும் கழிப்பறைகளை ஸ்கோப் தொண்டு நிறுவனம் கட்டியது. மலத்தின் மேல் சாம்பல் தூவி மூடி வைத்து, மட்கிய பிறகு எடுத்தார்கள். 2008-இல் அங்கே கழிப்பறைக்குப் போகிறவர்களுக்கே காசு கொடுத்தார்கள்! உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வழிமுறை வகுத்திருக்கிறது: பல பேரிடம் சேர்த்த மூத்திரத்தை மூடிய தொட்டியில் ஆறு மாதம் வைக்க வேண்டும், நம் மாதிரி வெக்கை ஊரில் மலத்தை ஓராண்டுக்கு மேல் உலர வைக்க வேண்டும். செப்டிக் கழிவுக்கும் வழி உண்டு. மதுராந்தகம் பக்கம் கருங்குழியில் 2017-இலேயே சுத்திகரிப்பு நிலையம் வந்துவிட்டது. நம் ஒவ்வொரு தாலுகாவுக்கும் ஏன் கூடாது?

ஒன்றை உறுதியாகச் சொல்கிறோம். எரு வேண்டும் என்பதற்காக எந்த மனுஷனையும் குழியில் இறக்கக் கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது. குழியில் இறங்கிச் செத்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் தரச் சொல்லி 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மலம் அள்ளுவது எந்தச் சாதிக்கும் எழுதி வைத்த தொழில் அல்ல. எரு நமக்கு, சாவு அவர்களுக்கா?

அடுத்தது, எரிசக்தி. 1980-களில் ஊர் ஊராகச் சாண எரிவாயுக் கலன் கட்டினார்கள். நாலைந்து மாடு, தினம் 50 கிலோ சாணம் இருந்தால் 2 கன மீட்டர் கலன் ஓடும். அடுப்பும் எரியும், கலக்கிய சாணம் எருவாகவும் வரும். இன்று அதில் எத்தனை எரிகிறது? டிரம் துருப்பிடித்தது, குமிழில் கீறல் விழுந்தது, பார்க்க ஆள் இல்லை. கலன் வைக்கோல் போடுகிற இடமாச்சு.

2019-இல் தொடங்கிய பிரதமர் குசும் திட்டத்தின் சூரிய பம்புக்கும் அதே கதி வரக் கூடாது. கன்ட்ரோலர் நின்றுபோனால் கம்பெனி ஆள் வருகிறதுக்குள் மல்லாட்டை காய்ந்துவிடும். சூரியமித்ரா என்று மத்திய அரசு 2015-இல் 600 மணி நேரப் பயிற்சி கொண்டுவந்தது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் காதுக்கு அந்தப் பேர் எட்டியது? கருவி கொடுத்துவிட்டுக் கைப்பழக்கம் கொடுக்காதது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது மாதிரி.

ஆகவே நம் கோரிக்கைகள்:

1. ஏரி, ஓடையில் கொட்டும் லாரியின் உரிமத்தை ரத்து செய்!
2. தாலுகாதோறும் கழிவு சுத்திகரிப்பு நிலையம் கட்டு! பரிசோதித்த எருவைச் சிறு விவசாயிக்கு இலவசமாகக் கொடு!
3. குழி சுத்தம் செய்ய இயந்திரம் மட்டுமே! இயக்குகிறவருக்கு நிரந்தர வேலையும் பாதுகாப்பும் கொடு!
4. சூரிய பம்பு பழுது பார்க்கவும், எரிவாயுக் கலன் கட்டவும் மாவட்ட ஐ.டி.ஐ.களில் உதவித்தொகையோடு பயிற்சி கொடு! பெண்களுக்கும் இடம் ஒதுக்கு!
5. 1990-இல் வந்த இலவச மின்சாரம் விவசாயி ரத்தம் சிந்திப் பெற்றது. சூரிய பம்பைக் காட்டி அதில் கை வைக்காதே!

வருகிற விவசாயிகள் குறைதீர்வு நாள் கூட்டத்துக்கு ஊருக்குப் பத்துப் பேராவது மனுவோடு கலெக்டர் ஆபீஸ் வாருங்கள். உங்கள் ஏரியில் லாரி கொட்டினால் நாள், நேரம், வண்டி நம்பர் எழுதி எடுத்து வாருங்கள். வாய்ப்பேச்சை விட எழுத்துக்குத்தான் அதிகாரி பயப்படுவான்.

ஏரியைக் காப்போம்! எருவைக் கேட்போம்! மனுஷனைக் குழியில் இறக்க விடமாட்டோம்!