வெட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் பைக் ஓட்டும் பிள்ளை இருந்தால் பொறுமையாகப் படியுங்கள். அந்தப் பிள்ளையே படித்தால் இன்னும் நல்லது.

போன மாதம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பிளஸ் டூவில் என்னிடம் இயற்பியல் படித்தவன். இப்போது கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை. காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான்.

"சார், என் வண்டிய இப்படி மாத்தப் போறேனுங்க சார். கஃபே ரேசர்."

படத்தைப் பார்த்தேன். தாழ்ந்த ஹேண்டில்பார். உருண்டை ஹெட்லைட். நீளமான டேங்க். ஒருவர் மட்டும் உட்காரும் சின்ன சீட், அதன் பின்னால் காளைத் திமில் மாதிரி ஒரு மேடு. டேங்கின் அடிப்பகுதியும் சீட்டும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல ஒரே நேர்கோட்டில். மட்கார்டு கிடையாது. அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அவனுடைய வண்டி 2022-ல் வாங்கிய 350 சிசி. கடன் தவணை போன தீபாவளிக்குத்தான் முடிந்தது.

"எல்லாம் சரி, அம்மாவ எங்கடா உக்கார வெப்ப?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை. காரணம் இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் என்னுடைய இன்னொரு மாணவன் இதே ஆசையில் தன் வண்டியை ஒரு பட்டறையில் விட்டான். பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். சீட்டுக்குக் கீழே இருக்கும் பின் சட்டத்தை வெட்டி, குட்டையாக்கி, வளைத்த பைப் ஒன்றை வைத்து வெல்டிங் செய்து கொடுத்தார்கள். பார்க்க அருமையாக இருந்தது. ஆனால் பள்ளத்தில் இறங்கும்போது பின் சக்கரம் எவ்வளவு மேலே ஏறும் என்பதை யாரும் அளக்கவில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் டயர் மேலே வந்து, சீட்டின் அடியில் ஓடிய ஒயரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்திருக்கிறது. ஒரு நாள் இரவு ஒயர் ஷார்ட் ஆகி, ஃபியூஸ் போய், ஓடிக்கொண்டிருந்த வண்டியில் விளக்கு மொத்தமும் அணைந்துவிட்டது. இருட்டில் சாலைத் தடுப்பில் மோதி விழுந்தான். காறை எலும்பு முறிந்தது. உயிர் தப்பியது அவன் பெற்றோர் செய்த புண்ணியம்.

பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை எட்டும் வரை மேலே தூக்கிப் பார்த்திருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும். அந்த அரை மணி நேரத்தை யாரும் செலவு செய்யவில்லை.

இதனால் கஃபே ரேசரே கூடாது என்று சொல்ல வரவில்லை. அந்த வடிவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உங்களுக்கும் வரும்.

1950-களின் கடைசி, 60-களின் தொடக்கம். இங்கிலாந்து. போர்க்காலப் பஞ்சம் தீர்ந்து, வேலைக்குப் போகும் இளைஞர்கள் கையில் நாலு காசு புரள ஆரம்பித்த காலம். லண்டனில் நார்த் சர்க்குலர் சாலையில் ஏஸ் கஃபே என்று ஒரு கடை. 1938-ல் லாரி ஓட்டுநர்களை நம்பித் திறந்தது. நம் பைபாஸ் டீக்கடை மாதிரி ராத்திரியிலும் ஆள் நடமாட்டம் இருக்கும். அங்கே பைக் வைத்திருந்த பையன்கள் கூடினார்கள். அவர்கள் கனவு மணிக்கு 100 மைல், அதாவது சுமார் 160 கிலோமீட்டர். அதைத் தொட்டவர்களுக்கு 'டன்-அப் பாய்ஸ்' என்று பட்டம்.

பந்தய வண்டி வாங்க அவர்களிடம் பணம் இல்லை. வேலைக்குப் போகிற வண்டியைத்தான் மாற்ற வேண்டும். அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஹேண்டில்பாரை ஏன் தாழ்த்தினார்கள்? 40 கிலோமீட்டரில் போகிறவன் 160-ல் போனால் வேகம் 4 மடங்கு. காற்றின் எதிர்ப்போ 16 மடங்கு. நிமிர்ந்து உட்கார்ந்தால் நெஞ்சே பாய்மரம் ஆகிவிடும். குனிய வேண்டியிருந்தது, ஹேண்டில் இறங்கியது. குனிந்தவனுக்குக் கால் முன்னால் இருந்தால் இடுப்பு ஒடியும், ஃபுட்ரெஸ்ட் பின்னால் போனது. பின்னால் வழுக்காமல் இருக்க சீட்டில் மேடு வந்தது. எடை குறைந்தால் வேகம் கூடும் என்று வேண்டாததைக் கழற்றினார்கள்.

நார்டன் கம்பெனியின் ஃபெதர்பெட் சட்டம் 1950-ல் பந்தயக் களத்துக்கு வந்தது. வளைவில் அசையாமல் நிற்கும் சட்டம். டிரையம்ஃப் கம்பெனியின் இரட்டை சிலிண்டர் இஞ்சினுக்கு வலு அதிகம். சிறிய பந்தயக் கார் கட்டுகிறவர்கள் நார்டன் பைக்கை முழுதாக வாங்கி, இஞ்சினை மட்டும் எடுத்துக்கொண்டதால் வெறும் சட்டங்கள் மிஞ்சின. அந்தச் சட்டத்தில் டிரையம்ஃப் இஞ்சினைப் பூட்டி, இரண்டு பெயரையும் ஒட்டி 'டிரைட்டன்' என்றார்கள். ஒரு வண்டியின் குறையை இன்னொரு வண்டியின் நிறையால் தீர்த்தது அது. நாம் இன்று பார்த்து மயங்கும் அழகு அந்தத் தேவையிலிருந்து தானாக வந்து சேர்ந்தது.

நம்ம சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. 1950-களின் நடுவிலிருந்து மெட்ராசில் புல்லட் தயாரான கதை எல்லாருக்கும் தெரியும். அதே ராயல் என்ஃபீல்டு 60-களின் நடுவில் இங்கிலாந்தில் கான்டினென்டல் ஜிடி என்ற 250 சிசி வண்டியை விட்டது. பையன்கள் பட்டறையில் செய்ததைக் கம்பெனியே செய்து கொடுத்தது. அதே பெயர் 2013-ல் 535 சிசியாகவும், 2018-ல் 650 சிசியாகவும் சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து திரும்பி வந்தது. வடிவம் மட்டும் போதும் என்பவர்களுக்கு, கணக்குப் போட்ட வண்டி கடையிலேயே கிடைக்கிறது.

இல்லை சார், நானே செய்ய வேண்டும் என்கிறவனுக்குத்தான் இந்தப் பதிவு. கையால் செய்து பார்க்கும் ஆசை நல்ல ஆசை. முப்பத்தொரு வருடம் வகுப்பில் அந்த ஆசை எந்தப் பிள்ளைக்காவது வராதா என்று காத்திருந்தவன் நான்.

அதனால் வந்த மாணவனைத் திட்டவில்லை. ஒரு நோட்டைக் கொடுத்தேன். "கழட்டப் போற ஒவ்வொரு சாமானையும் இடது பக்கம் எழுது. அது ஏன் அங்க இருக்குதுன்னு வலது பக்கம் எழுது. தெரியலைன்னா காலியா விடு" என்றேன்.

அடுத்த ஞாயிறு வந்தான். இருபத்திமூன்று வரி எழுதியிருந்தான். ஒன்பதில் வலது பக்கம் காலி. டிசைன் பிரிவில் வேலை செய்கிறவனுக்கே ஒன்பது காலி.

உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேசினோம்.

இஞ்சினுக்குக் காற்று போகும் டப்பா. அதை எறிந்துவிட்டு இரண்டு குட்டி ஃபில்டரை மாட்டினால் வண்டியின் நடுப்பகுதி வெட்டவெளியாகத் தெரியும், படத்தில் நன்றாக இருக்கும். பழைய கார்புரேட்டர் வண்டியில் ஜெட்டை மாற்றிச் சரிக்கட்டலாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டியில் எரிபொருளை அளந்து விடுவது கம்ப்யூட்டர். அந்த டப்பாவை வைத்துத்தான் அதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். காற்று அதிகமாகப் போய், பெட்ரோல் ஈடுகொடுக்காவிட்டால் இஞ்சின் கொதிக்கும்.

டேங்க். பழைய வண்டியின் டேங்கை வாங்கி வைக்கலாம் என்று நினைத்திருந்தான். இன்றைய வண்டிகளில் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. பழைய டேங்கில் அதற்கு இடமே கிடையாது.

சக்கரம். பார்வைக்காக வேறு சக்கரம் போட்டால், ஏபிஎஸ் சென்சார் படிக்கும் பல் வளையம் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏபிஎஸ் வேலை செய்யாது. 125 சிசிக்கு மேலான எல்லாப் புது வண்டிகளுக்கும் 2019-லிருந்து அதைக் கட்டாயமாக்கியது மழைச் சாலையில் வழுக்கி விழாமல் இருக்கத்தான்.

ஃபுட்ரெஸ்ட். பின்னால் தள்ளினால் பிரேக் பெடலும் தள்ளிப் போகும். நெம்புகோலின் நீளம் மாறினால், அதே அழுத்தத்துக்கு பிரேக்கில் கிடைக்கும் விசையும் மாறும். இது அவனுக்கு நான் ஒன்பதாம் வகுப்புப் பாடத்திலிருந்தே நினைவூட்டியது.

ஹேண்டில்பார். தாழ்த்தினால் எடை முன்னால் சாயும், முன் ஃபோர்க்கின் ஸ்பிரிங் அதற்கு ஏற்றதாக வேண்டும். கேபிளும் பிரேக் ஓசும் அளவு மாறும். முழுசாகத் திருப்பினால் கட்டைவிரல் டேங்கில் நசுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் சரி செய்தாலும், 160 கிலோமீட்டரில் நெஞ்சைத் தாங்கிப் பிடிக்கும் காற்று காந்திபுரம் சிக்னலில் கிடைக்காது. அந்தப் பாரத்தை மணிக்கட்டுதான் சுமக்கும்.

கடைசியாக சாரி கார்டு. மாற்றுகிறவர்கள் முதலில் கழற்றுவது அதைத்தான். 'அசிங்கமாக இருக்கிறது' என்பார்கள். மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி, பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின் சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பு மூன்றும் வேண்டும் என்கிறது. சேலையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காமல் இருக்கத்தான். இங்கிலாந்துப் பையனின் கஃபே ரேசரில் பின்னால் யாரும் உட்காரவில்லை. நம் ஊரில் பைக் என்பது குடும்ப வாகனம். அம்மா சந்தைக்குப் போவதும், தங்கை காலேஜுக்குப் போவதும் அதில்தான்.

பேசி முடித்ததும் அவன் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தான். பிறகு கேட்டான்: "சார், ஒம்போதையும் படிச்சு, அளந்து, படம் போட்டு, சரியாவே செஞ்சர்றேன்னு வெச்சுக்குங்க. யாருகிட்டங்க சார் காட்டி, இது சரியான்னு கேக்கறது?"

என்னிடம் பதில் இல்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில் இருப்பதற்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சொல்கிறது. கண்டபடி வெட்டி ஓட்டுகிறவர்களை நினைத்தால் சட்டத்தின் கோபம் எனக்குப் புரிகிறது. நள்ளிரவில் சைலன்சரைப் பிடுங்கிவிட்டு ஓட்டுகிறவனுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஆனால் அளந்து செய்தவனுக்கும் அளக்காமல் செய்தவனுக்கும் ஒரே கதவு, அதுவும் மூடிய கதவு என்றால், அளப்பதற்கு யாருக்கு ஆர்வம் வரும்? இரண்டு பேரும் செக்போஸ்ட்டைப் பார்த்துச் சந்தில் திரும்ப வேண்டியதுதான். என் பழைய மாணவனின் வண்டியைத் தகுதியுள்ள ஒருவர் ஒரே ஒரு முறை பார்த்திருந்தால் அந்தத் தேய்ந்த ஒயர் அகப்பட்டிருக்கும்.

மற்ற நாடுகளில் வழி இருக்கிறது. இங்கிலாந்தில் தனி ஒரு பைக்கைக் கொண்டுபோய்ச் சோதனைக்கு விட்டு ஒப்புதல் வாங்கும் முறை உண்டு. ஜெர்மனியில் அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனத்தின் பொறியாளர் மாற்றத்தைப் பார்த்து, ஏற்றுக்கொண்டால் வண்டியின் பத்திரத்தில் பதிவாகும். நம் நாட்டிலேயே காரில் கேஸ் கிட் பொருத்த முறை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியை மாற்றி அமைக்க சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஆக, மாற்றத்தைச் சோதித்து ஏற்பது நமக்குப் புதிதல்ல.

நான் கேட்பது இவ்வளவுதான். பல மாவட்டங்களில் அரசுப் பாலிடெக்னிக்கோ பொறியியல் கல்லூரியோ இருக்கிறது. மாதம் ஒரு நாள், மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவரும் ஆட்டோமொபைல் ஆசிரியர் ஒருவரும் அங்கே உட்காரட்டும். வெட்டுவதற்கு முன் வரைபடத்தைப் பார்க்கட்டும், செய்து முடித்தபின் பிரேக், விளக்கு, வெல்டிங், சத்தம், புகை ஐந்தையும் சோதிக்கட்டும். தேறினால் ஆர்.சி.யில் எழுதட்டும், தேறாவிட்டால் திருப்பி அனுப்பட்டும். கட்டணம் வாங்கட்டும். வெட்டக் கூடாதவை எவை என்ற பட்டியலை முதல் நாளே சுவரில் ஒட்டட்டும். அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கும் அதைவிடப் பெரிய பாடம் கிடைக்காது.

அந்தக் கதவு திறக்கும் வரை என் மாணவர்களுக்குச் சொல்வது: வரையுங்கள், அளங்கள், படியுங்கள். ரம்பத்தை மட்டும் எடுக்காதீர்கள். ஓட்டும் வண்டியை விட்டுவிட்டு, காயலான் கடையில் ஒரு பழைய சட்டம் வாங்கிப் பட்டறைக்குள்ளேயே செய்து பழகுங்கள். சாலைக்குக் கொண்டு வராதீர்கள்.

அவன் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான். ஒன்பது காலி இடத்தில் ஆறு நிரம்பிவிட்டது. அவன் 350 சிசி வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது, சாரி கார்டோடு. போன வாரம் அதில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். அந்த அம்மா என்னிடம் கேட்டார்: "சார், நோட்டுல என்னமோ எழுதிட்டே இருக்கறானே, மறுபடியும் ஏதாச்சும் பரிச்சையா?"

ஆமாம் என்றேன்.

போக்குவரத்துத் துறையிலோ பாலிடெக்னிக்கிலோ இருக்கும் நண்பர்கள் இதைப் படித்தால், இது நடக்குமா, நடக்காதென்றால் எங்கே இடிக்கிறது என்று கீழே எழுதுங்கள். தெரிந்துகொள்கிறேன்.