பையில் இருப்பதைத் தமிழில் எழுதுங்கள்: காவிரிப் படுகை மீன் வளர்ப்போரின் கோரிக்கைச் சாசனம்

மீன்வளம் மற்றும் மீனவர் நலத் துறைக்கும், நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கும், தீவனமும் சத்துமருந்தும் விற்கும் நிறுவனங்களுக்கும், தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கும் நாங்கள் முன்வைப்பது:

எங்கள் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிறது. அதற்கு மேல் வைட்டமின், தாது உப்பு, புரோபயாடிக், நொதி, ஈரல் டானிக் என்று பை பையாக வந்து இறங்குகின்றன. இவை வேண்டாம் என்பது எங்கள் வாதமல்ல. தீவனத்தில் ஒரு சத்து குறைந்திருந்தால் அதைச் சேர்த்ததும் மீன் தேறும். குறையே இல்லாத தீவனத்தில் கொட்டினால் காசுதான் கரையும். எங்கள் குளத்துக்கு எது குறை என்று பார்த்துச் சொல்ல இன்று ஆளில்லை. விற்பவர் சொல்வதே வைத்தியமாகிவிட்டது.

பையின் மேல் உள்ளே இருக்கும் பொருள், அதன் அளவு, ஒரு கிலோ தீவனத்துக்கு எவ்வளவு, எத்தனை நாள், காலாவதி நாள் ஆகியவற்றைத் தமிழில் அச்சிடச் சட்டம் வேண்டும். வைட்டமின் சி-யை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மீன்களின் உடல் அதைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. குறைந்தால் முதுகெலும்பு வளையும், புண் ஆற நாளாகும். ஆனால் சாதாரண வைட்டமின் சி தீவன ஆலைச் சூட்டிலும் கிடங்கு வெக்கையிலும் அழிந்துபோகும். பாஸ்பேட்டோடு பிணைத்த வகைதான் தாக்குப்பிடிக்கும். பையில் இருப்பது எந்த வகை என்று தெரியாமல் வாங்குவது வெறும் நம்பிக்கை. புரோபயாடிக் பைக்கும் இதுவே பொருந்தும். காலாவதி நாள்வரை அதில் உயிரோடு எத்தனை நுண்ணுயிர் இருக்கும் என்று எழுதுங்கள். ஆலையில் நிரப்பிய அன்றைய எண்ணிக்கை எங்கள் குளத்துக்கு உதவாது.

பாஸ்பரஸ் விஷயத்தில் எங்கள் இழப்பு பெரிது. தவிட்டிலும் பிண்ணாக்கிலும் உள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி ஃபைட்டேட்டாகக் கட்டுண்டு கிடக்கிறது. அதை உடைக்கும் நொதி மீனிடம் போதிய அளவு இல்லை. கெண்டை இனங்களுக்கு இரைப்பையும் கிடையாது. அமிலம் சுரக்காததால் மீன்தூளில் உள்ள எலும்புச் சத்தையும் அவை சரியாகக் கரைத்துக்கொள்வதில்லை. உடம்பில் சேராத பாஸ்பரஸ் கழிவாகிக் குளத்தில் பாசியைப் பெருக்குகிறது. பாசி மிஞ்சினால் விடியற்காலையில் ஆக்சிஜன் இறங்கி மீன் வாய் பிளந்து மேலே வரும். ஃபைட்டேட்டை உடைக்கும் ஃபைட்டேஸ் நொதியும் எளிதில் கரையும் மோனோகால்சியம் பாஸ்பேட்டும் உண்மையிலேயே பயன் தருபவை என்று நாங்கள் கருதுகிறோம். எந்தத் தீவனத்துக்கு எவ்வளவு சேர்ப்பது என்ற அளவைப் பல்கலைக்கழகம் எங்களுக்கு எழுதித் தர வேண்டும். மானியம் தருவதானால் இதற்குத் தாருங்கள்.

பிண்ணாக்கில் பூஞ்சை பிடித்தால் எந்த டானிக்கும் ஈரலைக் காக்காது. 1960 வாக்கில் அமெரிக்காவின் ட்ரவுட் பண்ணைகளில் மீன்களுக்கு ஈரல் புற்றுநோய் பரவியது. பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கில் இருந்த அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சுதான் காரணம் என்று பிறகு கண்டறிந்தார்கள். நாங்கள் போடுவதோ கடலைப் பிண்ணாக்கு. அஃப்லாடாக்சினுக்கு அது பேர்போனது, மழைக்காலத்தில் ஈரம் ஏறுவதும் சுலபம். எனவே ஒவ்வொரு மாவட்டத்திலும் தீவனப் பரிசோதனைக்கூடம் வேண்டும். கட்டணம் சிறு குளக்காரருக்குக் கட்டுபடியாக வேண்டும். முடிவு ஒரு வாரத்துக்குள் கைக்கு வர வேண்டும்.

வளர்ச்சி ஊக்கி என்ற பெயரில் ஆன்டிபயாடிக் கலந்திருக்கிறதா என்று கடைகளில் மாதிரி எடுத்துச் சோதியுங்கள். குளோராம்பெனிகாலும் நைட்ரோஃபியூரானும் மீனில் தடை செய்யப்பட்டவை. வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-லேயே நிறுத்திவிட்டது. கலந்தவர் யாரோ, மீனை விற்று மாட்டிக்கொள்பவர் விவசாயி என்ற நிலை எங்களுக்கு வேண்டாம். சாப்பிடுவது எங்கள் பிள்ளைகளும்தான்.

நோய் எதிர்ப்புக்கென்று விற்கும் பீட்டா குளுக்கானை அளவு மீறி நெடுநாள் கொடுத்தால் பலன் தலைகீழாகலாம். செலினியம் கூடினால் நஞ்சு. இதைக் கடைக்காரர் சொல்வதில்லை. மீன்வள ஆய்வாளர் சொல்ல வேண்டும்.

கடைசியாக, நிரூபணம். ஒரே நாளில் ஒரே குஞ்சு விட்ட குளங்களில் பாதிக்குச் சத்துமருந்து கலந்த தீவனம், பாதிக்கு வெறும் தீவனம் கொடுத்து, எங்கள் கண்முன் வலை போட்டு எடை பாருங்கள். எடை, பிழைத்த மீன், தின்ற தீவனம், செலவு நான்கையும் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுங்கள். பலன் தெரியாத பையைத் துறையின் பரிந்துரைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்ததும் நாங்கள் குஞ்சு விடுவோம். சோதனைக்குக் குளங்களை நாங்களே தருகிறோம். அதற்கு முன் உங்கள் அதிகாரிகளை அனுப்பி வையுங்கள்.